ஹால்ல தரை தெரியணும்

கிருஷ்ணகிரியில இப்ப யாரு வீடு கட்டினாலும் பூச்சு வேலை முடியறதுக்கு முன்னாடியே இன்டீரியர் ஆளுங்க வந்துடறாங்க. லேப்டாப்ப தொறந்து 3டி படம் காட்டுவாங்க, எல்லாமே வெள்ளையும் சாம்பலும், ஒரு மூலையில தொட்டியில ஒரு செடி, சுவத்தோட ஒட்டின டிவி யூனிட்டு, காலே வெளிய தெரியாத பெரிய சோபா, "மினிமலிஸ்ட் ஸ்டைல் சார், இப்ப இதான் ஓடுது"ன்னு சொல்வாங்க. ஓசூர் அபார்ட்மென்ட்டுங்கள்ல ஆரம்பிச்சது இப்ப காவேரிப்பட்டணம், பாலக்கோடு, அரூர் வரைக்கும் வந்தாச்சு. கொட்டேஷன வாங்கிப் பாத்தா ஃபால்ஸ் சீலிங்கு, எல்இடி ஸ்ட்ரிப்பு, சுவரு முழுக்க பிளைவுட் பேனலு, அதுக்கு மேல லேமினேட்டுன்னு பட்டியல் ரெண்டு பக்கத்துக்குப் போகும். எனக்கு மரச் சாமான் மேல சின்ன வயசுலேர்ந்தே ஒரு பிரியம், ஒரு நல்ல நாற்காலியப் பாத்தா குனிஞ்சு அடியில எப்படி சேத்திருக்காங்கன்னு பாக்காம நகர மாட்டேன். அதனால இதப்பத்தி ஒரு தடவ முழுசா எழுதிடலாம்னு நினைச்சேன், மினிமலிஸ்ட்னு சொல்ற இந்த எளிமையான சாமானெல்லாம் எங்கேர்ந்து வந்துச்சு, ஏன் மனசுக்குப் புடிக்குது, நம்ம பக்கத்து வீடுகளுக்கு எது பொருந்தும்னு.

என் கருத்த முதல்லயே சொல்லிடறேன். ஒரு சாமான் எளிமையா இல்லையான்னு அதோட கலரப் பாத்து சொல்லிட முடியாது. அது வீட்டுல இருக்கறவங்களுக்கு எவ்ளோ எடம் விட்டுக் குடுக்குதுன்னு பாக்கணும். ஒடஞ்சா நம்ம ஊரு ஆசாரி கையிலயே சரியாகுமான்னு பாக்கணும். இந்த ரெண்டும் இருந்தா அது எளிமையான சாமான், அது வேங்கையில இருந்தாலும் சரி, இரும்புல இருந்தாலும் சரி.

ஆயா வீட்டப் பத்தி சொல்லாம எனக்கு இந்தப் பேச்சே வராது. பாலக்கோட்லேர்ந்து மாரண்டஹள்ளி போற ரோட்டுல உள்ள தள்ளி ஒரு ஊரு. மண்சுவரு, நாட்டு ஓடு, உள்ள ஒரே ஒரு பெரிய கூடம், ஓரமா சமையக்கட்டு, வெளிய திண்ணை. அந்தக் கூடத்துல சாமான்னு பாத்தா ஒரு மரப்பெட்டி, ஒரு முக்காலி, ரெண்டு மூணு மணைப்பலகை, அவ்ளோதான். மத்த வேலைய எல்லாம் சுவரும் கூரையும் தரையும் பங்கு போட்டுக்கும். சுவத்துக்குள்ளயே குடைஞ்ச மாடத்துல வெளக்கு, சீப்பு, விபூதி டப்பா, தாத்தாவோட கண்ணாடி. உத்தரத்துலேர்ந்து தொங்குற உறியில தயிரு. சுவத்துக்கு சுவரு மூங்கில்ல கொடி கட்டி அதுல பொடவ, வேட்டி, கம்பளி எல்லாம் மடிச்சுத் தொங்கும். தலைக்கு மேல பரண்ல வெண்கலப் பாத்திரமும் வெதைக்கு எடுத்து வச்ச சோளமும். மூலையில ஆள் ஒசரத்துக்கு கேவுரு குதிரு. பாயெல்லாம் சுருட்டி அந்தக் குதிருக்குப் பின்னாடி நிக்கும்.

காலையில பாய சுருட்டி எடுத்துட்டா ராத்திரி அங்க எட்டு பத்து பேரு படுத்திருந்தாங்கன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. அதே எடத்துல ஆயா மொறத்த வச்சுக்கிட்டு கேவுரு பொடைப்பாங்க, மத்தியானம் அதே எடத்துல களிய உருட்டிப் போட்டு வட்டமா ஒக்காந்து சாப்புடுவோம், சாயங்காலம் நாங்க புஸ்தகத்த விரிச்சுட்டு ஒக்காருவோம், யாராச்சும் பொண்ணு பாக்க வந்தா ஒரு ஜமக்காளத்த விரிச்சா ரெண்டு குடும்பமும் ஒக்காந்துடும். கயித்துக் கட்டிலு ஒண்ணு உண்டு, அது பகல்ல வீட்டுக்குள்ளயே இருக்காது, வெளிய வேப்பமரத்தடியில கெடக்கும், வெயில் காலத்துல அது மேல ஒரு பழைய வேட்டியப் போட்டு வடகம் காய வைப்பாங்க, கயிறு தொய்ஞ்சா தாத்தாவே கால் பக்கம் ஒக்காந்து இழுத்துக் கட்டிடுவாரு. திண்ணை மேல பாத்தீங்கன்னா ஒரே கல்லு, நம்ம பக்கம் கல்லுக்குப் பஞ்சமா, வேலிக்கே கல்லுக்கால் நடுற ஊரு. அந்தக் கல்லு சித்திரையில கூட விடியக்காலம் சில்லுன்னு இருக்கும்.

இத நான் ஆசையா எழுதறப்பவே இன்னொண்ணையும் சொல்லியாகணும். ஆயா வீட்ல சாமான் கம்மியா இருந்ததுக்கு முதல் காரணம் கையில காசு இல்லாததுதான். ரசனையில கொறச்சுக்கிட்டது கெடையாது. அந்தக் காலத்துல நாற்காலின்னா அது மரியாதை, மணியக்காரர் வீட்டுல ஒண்ணு, பள்ளிக்கூடத்துல வாத்தியாருக்கு ஒண்ணு. திண்ணையில யாரு ஒக்காரலாம், யாரு கீழ வாசல்ல நின்னுட்டுப் பேசணும்னு சாதி பாத்து வச்சிருந்த ஊருங்கதான் இதெல்லாம். அதனால எங்க அப்பா காலத்து ஆளுங்க கையில நாலு காசு சேந்ததும் நாற்காலி வாங்கினாங்க, அப்பறம் சோபா செட்டு வாங்கினாங்க, பொண்ணுக்கு சீர் வைக்கறப்ப பீரோ, கட்டிலு, டிரஸ்ஸிங் டேபிளுன்னு லாரியில ஏத்தி அனுப்பினாங்கன்னா அதுல எனக்கு ஒரு கொறையும் தெரியல. தரையில ஒக்காந்தே பழகினவங்களுக்கு தரையோட அழகப் பத்தி நான் பாடம் எடுக்க முடியாது.

இந்த எடத்துல பிளாஸ்டிக் சேருக்கு ஒரு வார்த்த சொல்லணும். டிசைன் பேசறவங்க பல பேரு அத மட்டமா நெனைக்கறாங்க, எனக்கு அது மேல பெரிய மரியாதை. 1972ல ஹென்றி மாசொனேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் போட்ட சேருலேர்ந்துதான் இன்னிக்கு ஒலகம் பூரா ஓடுற அந்த ஒரே வார்ப்பு பிளாஸ்டிக் சேரோட பரம்பரை பெருசா வளந்துச்சு. ஆணி இல்ல, திருகு இல்ல, ஒட்டு இல்ல, உருக்கின பிளாஸ்டிக்க அச்சுக்குள்ள அழுத்தினா ஒரு நாற்காலியே முழுசா வெளிய வருது. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கலாம், மழையில நனையலாம், ஒரு கையில ரெண்ட தூக்கிட்டு நடக்கலாம். கல்யாண மண்டபம், எழவு வீடு, கட்சிக் கூட்டம், கிராம சபை, எங்க போனாலும் எல்லாருக்கும் ஒரே சேரு, ஒரே ஒசரம். நம்ம பக்கத்துல இது லேசான விஷயம் கெடையாது. ஆனா ஒடஞ்சா ஒட்ட முடியாது, நான் மேல சொன்ன ரெண்டாவது சோதனையில அது தோத்துடுது.

இப்ப வெளிநாட்டுக் கதைக்கு வரேன். எளிமையான நாற்காலியோட கதைய நான் எப்பவும் வியன்னாலேர்ந்து ஆரம்பிப்பேன். மைக்கேல் தோனெத்னு ஒரு தச்சரு, 1859ல 14ஆம் நம்பர் நாற்காலின்னு ஒண்ணு கொண்டு வந்தாரு. பீச் மரத்த உருட்டா சீவி, ஆவியில வேக வச்சு, சூடு ஆறறதுக்குள்ள இரும்பு அச்சுல வளைச்சுக் கட்டி காய வைப்பாங்க. முதுகும் பின்னங்கால் ரெண்டும் ஒரே கம்பு, மேல வளைஞ்சு அப்படியே கீழ எறங்குது. உக்காற எடத்துல பிரம்புப் பின்னல். ஒரு நாற்காலிக்கு மொத்தமே 6 மரத்துண்டு, 10 திருகு, 2 நட்டு. பிரிச்சு அடுக்கினா ஒரு கன மீட்டர் பெட்டியில 36 நாற்காலி அடங்கும், கப்பல்ல ஏத்தி எந்த ஊருக்கு வேணா அனுப்பலாம், போய்ச் சேந்த எடத்துல மாட்டிக்கலாம். 1930க்குள்ள 5 கோடி நாற்காலி வித்துதுன்னு கணக்கு சொல்றாங்க. வெல கம்மி, அதனால சாதாரண காபிக் கடைக்கெல்லாம் போச்சு. வேலப்பாடு ஒண்ணு கூட இல்ல, அந்த வளைவேதான் அழகு, அந்த வளைவேதான் பலம்.

அதுக்கு முன்னாடியே அமெரிக்காவுல ஷேக்கர்னு ஒரு கிறிஸ்தவக் கூட்டத்தார் இருந்தாங்க, 1774ல இங்கிலாந்துலேர்ந்து போனவங்க, கல்யாணம் பண்ணிக்காம கூட்டா வாழ்ந்தவங்க. தேவையில்லாத அலங்காரம் ஆண்டவனுக்குப் புடிக்காதுங்கற எண்ணம் அவங்களுக்கு, அதே சமயம் செய்யற வேலைய சுத்தமா செய்யணும்ங்கறதும் அவங்களுக்கு வழிபாடு. அவங்க அறையில சுவத்தச் சுத்தி ஒரு பலகை ஓடும், அதுல வரிசையா மர முளை. தொப்பி, சட்டை, வெளக்குமாறு எல்லாம் அதுல தொங்கும். கூட்டற நேரத்துல நாற்காலியையே தூக்கி தலைகீழா அந்த முளையில மாட்டிடுவாங்க, ஒக்காற எடத்துல தூசி படியாது. அந்தப் படத்த மொதல்ல பாத்தப்ப எனக்கு ஆயா வீட்டுக் கொடிதான் ஞாபகம் வந்துச்சு. ஏழு கடல் தாண்டி, வேற சாமி, வேற சாப்பாடு, ஆனா தரைய காலியா வச்சுக்க சுவத்த வேலை வாங்கணும்னு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தோணியிருக்கு.

அப்பறம் முதல் உலகப் போர். போர் முடிஞ்சு ஜெர்மனியில வீட்டுக்குப் பஞ்சம், ஊருக்கு வெளிய சின்னச் சின்ன வீடா வரிசையா கட்டினாங்க, அந்த வீட்டுக்குள்ள பாட்டன் காலத்து செதுக்கு வேலை அலமாரியெல்லாம் நுழையவே நுழையாது. 1919ல வைமார்ல வால்டர் குரோபியஸ் ஆரம்பிச்ச பௌஹவுஸ்ங்கற டிசைன் பள்ளிக்கூடம் 1933ல நாஜி நெருக்கடியில மூடினது வரைக்கும் பதினாலே வருஷம்தான், அதுக்குள்ள நாற்காலின்னா என்னங்கறதையே மாத்திட்டாங்க. மார்செல் பிராயர் அங்க வேலை பாத்தவரு, 1925ல அவருக்கு வயசு 23, தன்னோட சைக்கிள் ஹேண்டில்பாரப் பாத்துட்டு இவ்ளோ லேசான இரும்புக் குழாய இப்படி வளைக்க முடியும்னா அதுல ஏன் நாற்காலி செய்யக் கூடாதுன்னு யோசிச்சாரு. குழாய வளைச்சு துணியக் கட்டி நாற்காலி பண்ணாரு. நம்ம வீடுகள்ல பிளாஸ்டிக் வயரு பின்னின இரும்புக் குழாய் நாற்காலி இருந்துச்சு பாருங்க, பச்சையும் செவப்புமா, தொய்ஞ்சு போனா பின்றவரு தெருவுல சத்தம் குடுத்துட்டே வருவாரு, அந்த வயரு நாற்காலி அந்தக் குழாயோட பேரன் பேத்திதான். எங்க வீட்ல ரெண்டு இருந்துச்சு, ஒண்ணு இன்னும் மொட்ட மாடியில கெடக்கு, குழாய் தேயவே இல்ல, பின்னல் மட்டும்தான் போயிருக்கு.

பெரிய பேருங்களுக்கு நடுவுல எனக்கு ரொம்பப் புடிச்சது ஒரு அம்மா. மார்கரெட்டே ஷுட்டே லிஹோட்ஸ்கி, ஆஸ்திரியாக்காரங்க. 1926ல ஃபிராங்ஃபர்ட் நகராட்சி வீடுகளுக்காக ஒரு சமையக்கட்டு வரைஞ்சாங்க. அகலம் ரெண்டு மீட்டருக்கும் கம்மி, நீளம் மூணரை மீட்டருக்கும் கம்மி. ரயில்ல டைனிங் கார்ல சின்ன எடத்துல எப்படி அத்தனை பேருக்கு சமைக்கறாங்கன்னு பாத்து, அடுப்பு எங்க, தொட்டி எங்க, காய் நறுக்கற பலகை எங்க, ஒரு பொம்பள ஒரு நாளைக்கு இதுக்குள்ள எத்தன நடை நடக்கறாங்கன்னு கணக்குப் போட்டு அமைச்சாங்க. அலமாரி எல்லாம் சுவத்தோட சேந்தது. ஒக்காந்து வேலை செய்ய ஒரு சுழல் முக்காலி. கிட்டத்தட்ட பத்தாயிரம் வீட்டுல அந்த சமையக்கட்டு வந்துச்சு. இன்னிக்கு ஓசூர்லயும் கிருஷ்ணகிரியிலயும் மாடுலர் கிச்சன்னு போடறாங்களே, அதோட ஆதி இதுதான். அந்த அம்மா அழகு பாத்து எளிமைக்கு வரல, வேலை பாக்கற உடம்பப் பாத்து வந்தாங்க. இந்த வித்தியாசத்த நம்ம இன்டீரியர் ஆளுங்க மனசுல வச்சா போதும், கிச்சன்ல முக்காவாசி பிரச்னை தீந்துடும். வீட்டுல யாரு சமைக்கறாங்க, அவங்க ஒசரம் என்னன்னு கேக்காமலே மேடைக்கு அளவு போடறத எத்தன வீட்டுல பாத்திருக்கேன்.

பின்லாந்துல ஆல்வார் ஆல்டோ 1933ல ஒரு முக்காலி செஞ்சாரு, வட்டப் பலகை, மூணு காலு, அவ்ளோதான். பிர்ச் மரக் காலோட ஒரு முனையில மட்டும் வாள வச்சு பல கீறல் போட்டு, அந்தக் கீறல்ல மெல்லிசு மரத்தாள பசை போட்டு சொருகி, அந்த முனைய மடக்குவாங்க. அதனால காலு மேல போய் தானே திரும்பி பலகைக்கு அடியில ஒட்டிக்குது, சட்டமே வேணாம். இன்னிக்கும் அதே மாதிரி செஞ்சு விக்கறாங்க. அமெரிக்காவுல டொனால்ட் ஜட்னு ஒரு சிற்பி, மினிமலிஸ்ட்னு சொன்னா ஒத்துக்க மாட்டாரு, ஆனா எல்லாரும் அவர அப்படித்தான் சொன்னாங்க. டெக்சஸ்ல மார்ஃபாங்கற சின்ன ஊருல போய் 1970கள்ல குடியேறினப்ப புடிச்ச சாமான் அங்க வாங்கக் கெடைக்கல, உள்ளூர் மரக்கடையில பைன் பலகைய வாங்கி பசங்களுக்கு கட்டிலும் மேஜையும் நேர்க்கோட்டுல அடிச்சுட்டாரு. அந்தப் பலகைக் கட்டில் மாதிரிய இப்ப மியூசியம் வைக்குது.

நம்ம நாட்டுலயும் இந்தக் கதை ஓரமா நிக்கல. பாண்டிச்சேரியில கோல்கொண்டான்னு அரவிந்தர் ஆசிரமத்தோட தங்கும் விடுதி ஒண்ணு இருக்கு. அந்தோனின் ரேமண்ட் வரைஞ்ச கட்டடம், அந்த வேலைய முன்ன நின்னு பாக்க 1937ல வந்தவர் ஜார்ஜ் நகாஷிமா, ஜப்பானிய அமெரிக்கர். பின்னாடி ஒலகமே கொண்டாடுன மரவேலைக்காரரா ஆனவரு, அதுக்கு முன்னாடி அந்த விடுதி அறைகளுக்குத் தேக்குல கட்டிலு, நாற்காலி, மேஜை எல்லாம் வரைஞ்சு குடுத்தாரு. ஏசி இல்ல, சுவத்துக்குப் பதிலா திருப்பி வைக்கற பட்டை பட்டையா சிமெண்ட் தகடுங்க, காத்து ஒரு பக்கம் நொழைஞ்சு மறு பக்கம் போகும். நம்ம தமிழ் மண்ணுல, நம்ம வெயிலுக்கு, எண்பது வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் இப்படி யோசிச்சு செஞ்சு வச்சிருக்காரு, நம்ம ஆர்க்கிடெக்ட்டுங்க ஸ்காண்டிநேவியா படத்தக் காட்டறதுக்கு முன்னாடி அத ஒரு தடவ காட்டலாம்.

சண்டிகர் கதை வேற மாதிரி. அந்த ஊர வரைஞ்ச ஆர்க்கிடெக்ட் லெ கொர்புசியரோட உறவுக்காரர் பியர் ஜன்னெரே 1951லேர்ந்து அங்கயே தங்கி, ஊரு கட்டற வேலையோட சேத்து ஆபீஸ், காலேஜ், கோர்ட்டுக்கெல்லாம் தேக்குலயும் பிரம்புலயும் நாற்காலி வரைஞ்சாரு. உள்ளூர் ஆசாரிங்க செய்யற மாதிரி, கொறஞ்ச செலவுல. காலு கவட்டை மாதிரி விரிஞ்சு நிக்கும். பின்னாடி அதெல்லாம் பழசாகி மொட்ட மாடியில குவிஞ்சு, காயலான் வெலைக்கு ஏலம் போச்சு, வெளிநாட்டு வியாபாரிங்க வாங்கிட்டுப் போய் செப்பனிட்டு லட்சக் கணக்குல வித்தாங்க, 2011ல மத்திய உள்துறை அமைச்சகம் தலையிட்டு விக்கக் கூடாதுன்னு உத்தரவு போட வேண்டியதாச்சு. குமாஸ்தா ஒக்காந்து ஃபைலு பாத்த நாற்காலி அது. நம்ம ஊரு பழைய தாலுகா ஆபீஸ், பள்ளிக்கூடம், நூலகம் பக்கம் போனா அங்கயும் பிரம்பு பின்னின பழைய தேக்கு நாற்காலி கெடக்கும், அத ஒடைச்சு அடுப்புக்குப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவ திருப்பிப் பாருங்கன்னு கெஞ்சிக் கேட்டுக்கறேன்.

1958ல சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும்னு ஒரு அமெரிக்கத் தம்பதி இந்தியா பூரா சுத்திட்டு அரசாங்கத்துக்கு ஒரு அறிக்கை குடுத்தாங்க, அத வச்சுத்தான் 1961ல அகமதாபாத்ல தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்துச்சு. நாற்காலி செய்யறதுல அன்னிக்கு ஒலகத்துலயே பெரிய கை அந்த ரெண்டு பேரும், அவங்க இந்தியாவுல பாத்ததுலயே ரொம்ப அழகான பொருளுன்னு தூக்கிப் பிடிச்சது எத தெரியுமா, சொம்பு. கழுத்து எவ்ளோ அகலம் இருந்தா கை புடிக்கும், இடுப்புல வச்சா எப்படி ஒக்காரும், தண்ணி ஊத்தறப்ப எப்படி சாயும், உள்ள கை விட்டுத் தேய்க்க முடியுமா, இப்படி எத்தனையோ தலைமுறை யோசிச்சு யோசிச்சு வந்த உருவம் அதுன்னு எழுதினாங்க. ஒரு தனி ஆளு பேரு அதுல இல்ல. நம்ம மணைப்பலகையும் முக்காலியும் கயித்துக் கட்டிலும் அதே வழியில வந்ததுதான்னு நான் நெனைக்கறேன்.

இப்ப நம்ம பக்கத்து ஆளுங்க வீட்டுக்கு சாமான் வாங்க பெங்களூர் நாகசந்திராவுக்குப் போறாங்க, 2022ல அங்க ஐகியாங்கற ஸ்வீடன் கம்பெனி சாமான் கடை தொறந்ததுலேர்ந்து ஓசூர் வழியா ஹைவேயில போய்ட்டு சாயங்காலம் திரும்பிடறாங்க. 1956ல மேஜைய காருல ஏத்த முடியாம காலக் கழட்டி அடியில வச்சுக் கட்டினதுலேர்ந்து அவங்க பிரிச்சு அடுக்கி விக்கற முறை வந்துச்சுன்னு சொல்வாங்க, தோனெத் நூறு வருஷம் முன்னாடி செஞ்சதோட தொடர்ச்சி. அந்த முறை எனக்குப் புடிச்ச முறை. ஆனா பொதுவா இப்ப மார்க்கெட்டுல, ஆன்லைன்ல, நம்ம ரோட்டோர ஷோரூம்ல, மினிமலிஸ்ட்னு பேரு போட்டு வர்றதுல நெறைய பார்ட்டிகிள் போர்டு, மரத்தூள பசையோட அழுத்தின பலகை. மேல ஓக் மரக் கோடு அச்சடிச்ச தாளு. பாக்க அழகா இருக்கும். ஒரு தடவ மாப்பு போடற தண்ணி ஓரத்துல ஏறினா உப்பிடும், ஒரு தடவ கீலு திருகு புடுங்கிட்டா அதே ஓட்டையில திரும்பப் புடிக்காது. சொந்தக்காரங்க வீட்ல ஒரு டிவி யூனிட்டுல இதான் நடந்துச்சு, ஆசாரியக் கூப்ட்டா அவரு தட்டிப் பாத்துட்டு "இதுல நான் ஆணி அடிக்க மரமே இல்லீங்களே"ன்னுட்டாரு. கோடு எளிமையா இருந்தா போதுமா, உள்ள சரக்கு இருக்க வேணாமா.

அதனாலதான் எங்க வீட்டு ஹாலுக்கு சோபாவுக்குப் பதிலா பெஞ்சு செஞ்சோம், மாமரத்துல. கிருஷ்ணகிரின்னா மாங்கா, கூழ் ஃபேக்டரிக்குப் போற பெங்களூரா ரக மாந்தோப்பு எங்க பாத்தாலும் இருக்கு, வயசான தோப்ப வெட்டினா அந்த மரம் பெரும்பாலும் வெறகுக்கும் பெட்டி அடிக்கவும் போயிடுது. மாமரம் தேக்கு கெடையாது, அப்படியே விட்டா பூச்சி தொளைச்சுடும். ஆனா அறுத்ததும் போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசல்ல ஊற வச்சு, பலகைக்கு நடுவுல ரீப்பர்னு சொல்ற மெல்லிசு மரச்சட்டம் வச்சு அடுக்கி நிழல்ல காத்தாட மாசக் கணக்குல காய விட்டா நல்ல மரம், வெளிர் மஞ்சள்ல நடுவுல பழுப்பும் சாம்பலுமா கோடு ஓடும், ஒரு பலகை மாதிரி இன்னொண்ணு இருக்காது.

ஆசாரியண்ணன் கிட்ட படத்தக் காட்டினப்ப ரொம்ப நேரம் பேசல. அப்பறம், "தம்பி, பூ செதுக்கணும்னா சொல்லு, கண்ண மூடிட்டு செய்வேன். இந்த மாதிரி மொட்டையா கேக்கற பாரு, இதான் கஷ்டம். பூ போட்டா ஒரு நூலு அப்டி இப்டி போனாலும் பூவுல மறைஞ்சுடும், இதுல எங்க போய் மறைக்கறது?"ன்னாரு. அவரு வேலை செஞ்சத பக்கத்துல ஒக்காந்து பாத்தேன். மேல் பலகையில நாலு துளை, துளை நேரா இல்லாம வெளிப் பக்கமா சாய்ச்சு உளியால எறக்கினாரு. காலோட தலையில முளை, முளைக்கு நடுவுல வாளால ஒரு கீறல். முளைய துளைக்குள்ள ஏத்தி, மேல வந்த கீறல்ல வேங்கையில சீவின ஒரு சின்ன ஆப்ப வச்சு சுத்தியால தட்டினாரு. மொத ரெண்டு அடியில சத்தம் பொத்துன்னு கேட்டுச்சு, மூணாவது அடியில டங்குன்னு மாறிச்சு, "போதும், உள்ள புடிச்சுடுச்சு, இனிமே அடிச்சா பலகை பொளந்துடும்"னு நிறுத்திட்டாரு. மேல நீட்டிட்டு இருந்தத அறுத்து இழைப்புளி போட்டதும் மஞ்சள் பலகையில நாலு எடத்துல கரும்பழுப்புக் கோடு மட்டும் தெரிஞ்சுது. ஆணி கெடையாது, அலங்காரமும் கெடையாது, அந்த நாலு கோடுதான் அதுல இருக்கற ஒரே வேலப்பாடு, அதுவும் பெஞ்ச தாங்கிப் புடிக்கற எடத்துலயே இருக்கு. அத தடவிப் பாக்காத விருந்தாளியே எங்க வீட்டுக்கு வந்ததில்ல.

பெஞ்சு வந்தப்பறம் ஹால் மாறிடுச்சு. பெஞ்சுக்கு அடியில வெளக்குமாறு தாராளமா போகுது, ஹைவே பக்கத்து வீடு, கல்லு லாரி ஓடற ரோடு, தூசி எவ்ளோ வரும்னு நம்ம ஊருக்காரங்களுக்குத் தெரியும். மழை புடிச்சா தேளு, பூரான் வர்ற பூமி இது, காலில்லாத பொட்டி சோபாவுக்கு அடியில என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது, கைக்குழந்தை தவழற வீட்டுல இது ஒண்ணே போதும் எனக்கு. சித்திரை வைகாசியில ஃபோம் குஷன்ல ஒக்காந்தா முதுகு வேத்துக் கொட்டும், மரத்துல அது இல்ல. திருவிழாவுக்கு சொந்தக்காரங்க வந்தா பெஞ்ச தூக்கி சுவத்தோரம் போட்டுட்டு ஹால் முழுக்க பாய விரிச்சுடறோம், பசங்க எல்லாம் வரிசையா படுத்துட்டு விடிய விடிய பேசறாங்க. ரெண்டு பேரு தூக்கினா நகர்ற சாமான் மட்டும் ஹால்ல இருக்கட்டும்னு எங்க வீட்டுல ஒரு பேச்சு.

அதுக்காக அம்மாவ பெஞ்சுல ஒக்கார வைக்கல. அம்மாவுக்கு முட்டி வலி. இந்த கேட்லாக் சோபாவெல்லாம் தரையோட தரையா தாழ்வா இருக்கு, படத்துக்கு நல்லா இருக்கும், அறுபது வயசுக்கு மேல ஒருத்தர் அதுலேர்ந்து எந்திரிக்கறதப் பாத்தா மனசு கஷ்டமாயிடும். அம்மாவுக்குத் தனியா கை வச்ச நாற்காலி, கொஞ்சம் ஒசரமா, பிரம்பு பின்னினது. கைய ஊனி எந்திரிச்சுடறாங்க. ஆயாவோட மரப்பெட்டியும் ஹால்லதான் இருக்கு, மூடி மேல பித்தளைக் குமிழ், ஓரத்துல கொடி கொடியா செதுக்கு வேலை, இன்டீரியர் தம்பி அத ஸ்டோர் ரூம்ல போட்டுடலாம்னு சொன்னாரு, நான் ஒத்துக்கல. அதுக்குள்ள கம்பளியும் பெட்ஷீட்டும் இருக்கு, வேலை செய்யற சாமான் எங்கயும் போகாது.

பெஞ்சு அளவு நெறைய பேரு கேக்கறாங்க, அதையும் எழுதிடறேன். நீளம் 5 அடி, மூணு பேரு தாராளமா ஒக்காரலாம். அகலம் 14 இஞ்ச், அதுக்குக் கீழ போனா தொடை அழுத்தும். ஒசரம் 17 இஞ்ச், வயசானவங்களுக்கு நாற்காலி செஞ்சா 18. பலகை கனம் ஒன்றரை இஞ்ச், இழைச்சப்பறம் நிக்கற அளவு. ரெண்டு முனையிலேர்ந்தும் 8 இஞ்ச் உள்ள தள்ளி காலு, அதுக்கு மேல உள்ள தள்ளினா ஓரத்துல ஒரு ஆளு பொத்துன்னு ஒக்காந்தா மறுபக்கம் தூக்கும். காலு அடியில வெளிப் பக்கமா ஒன்றரை இஞ்ச் விரிஞ்சு நிக்கணும். வார்னிஷ் வேணாம், லின்சீட் ஆயில் துணியில தொட்டு மெல்லிசா ரெண்டு கை தேச்சு, ஒவ்வொரு கைக்கும் நடுவுல நல்லா காய விடுங்க, தேச்ச துணிய சுருட்டி மூலையில போட்றாதீங்க, அது தானா சூடேறி தீப்புடிக்கும், தண்ணியில நனைச்சு விரிச்சுக் காய வச்சு அப்பறம் தூக்கிப் போடுங்க. மரம் வாங்கறப்ப பலகை ஓரத்துல குண்டூசித் தல அளவுல ஓட்டையும் அதுலேர்ந்து மாவு மாதிரி தூளும் கொட்டுதான்னு பாத்து வாங்குங்க, கொட்டினா எவ்ளோ சல்லிசா குடுத்தாலும் அந்தப் பலகை வேணாம்.